மிரியாம் கையில் இருந்தது என்ன?

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற சாலையில் இருக்கிறது எங்க ஊர் சேதராப்பட்டு. ஒரு பக்கம் தொழிற்பேட்டைக் கம்பெனிகள், கொஞ்சம் தள்ளிப் போனால் தமிழ்நாட்டு எல்லை. எங்க தெருப் பையன் ஒருத்தன் ஊழியத்துக்குப் போறேன்னு இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். முதல் வருச லீவுக்கு வந்தவன் பையில் துணியைவிட நோட்டுப் புத்தகம் அதிகம். பிரித்துப் பார்த்தால் வலமிருந்து இடமாக, கட்டங்கட்டமான எழுத்து. எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடும். எபிரேயமாம். பழைய ஏற்பாட்டின் மூலமொழி.

கான்ட்ராக்ட் வேலை முடிச்சி வந்த அவங்கம்மா நோட்டை எட்டிப் பார்த்துட்டு என்னைக் கேட்டாங்க: "நீ எம்.ஏ. தமிழு படிச்ச புள்ளதானே, சொல்லு. அய்யரு ஓதுற மாதிரி இதுவும் ஒரு மந்திரமா? இதப் படிச்சா நம்ம சனத்துக்கு என்னா?"

லேசான கேள்வி இல்லை இது. 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையைப் போலவே புதுச்சேரிக்கென்று 1964இல் வந்த ஆணையும் மதம் பார்த்துத்தான் அட்டவணைச் சாதியை எண்ணுகிறது. இந்து, சீக்கியர், 1990க்குப் பிறகு பவுத்தர். கிறித்தவன்னு வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிற தலித்துக்கு அதில் இடமில்லை. ஆகவே ஊழியத்துக்குப் போகிற சேரிப் பையன் கையிலிருக்கிற ஒரு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் போகிறான். வைத்துவிட்டுப் போனவன் எதை எடுத்துக்கொண்டு வருகிறான் என்று கேட்கப் பெற்றவளுக்கு உரிமை உண்டு.

எனக்கு எந்த வேதத்தின் மேலும் பக்தி கிடையாது; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேதமொழி என்றாலே நமக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. பம்பாயில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்பேத்கருக்கு சமஸ்கிருதம் சொல்லித்தர மறுத்தார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். பின்னால் தானே முயன்று சமஸ்கிருதம் படித்தார். பாலி படித்து, அதற்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். சாஸ்திரங்களை அவர் எப்படிப் புரட்டிப் போட்டார் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுக்கப்பட்ட மொழியைப் படிப்பது ஒருவிதக் கலகம்தான். ஆனால் படித்த மொழியை வைத்து மேடையில் வித்தை காட்டுவது கலகம் ஆகாது. 'எபிரேய மூலத்தில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா' என்று கேட்டுவிட்டு, ஒரு சொல்லை நாக்கில் உருட்டி, சனங்களை வாய் பிளக்க வைக்கிற போதகர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது புதுப் பூணூல். நம்ம பையன் அதைப் போட்டுக்கொண்டு வரத்தான் போயிருக்கிறான் என்றால் அவன் திரும்பி வந்து கம்பெனி வேலைக்கே போகலாம்.

அதனால் லீவு நாட்களில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அவனோடு சேர்ந்து நானும் அந்த நோட்டைப் படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது மொழி அல்ல, பாடப்புத்தகம். அவன் கையில் இருந்தது 1939இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த வைன்கிரீனின் இலக்கணம். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக எழுதியது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், தெரியாத மொழி ஒன்றைப் பாதி தெரிந்த மொழி வழியாகப் படித்துத் திணறுகிறான். வகுப்பில் வாய் திறக்காததற்கு எபிரேயம் காரணமில்லை, இங்கிலீஷ்தான் காரணம் என்று அவனே சொன்னான். ஆனால் அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிற பல சங்கதி தமிழ்ப் பிள்ளைக்கு முன்பே தெரிந்ததுதான். எபிரேயத்தில் இருபத்திரண்டு எழுத்து, எல்லாம் மெய். உயிர் கிடையாது. படிக்கிறவன்தான் உயிர் கொடுக்க வேண்டும். கி.பி. ஆறாம் நூற்றாண்டு தொடங்கி மசோரேத்தியர் என்கிற அறிஞர்கள்தான் புள்ளியும் கோடும் வைத்து உயிரைக் குறித்தார்கள். உயிரும் மெய்யும் கூடி எழுத்தாவதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்கு இது புதுசா? ஒரே எழுத்து இடம் பார்த்து 'ப' என்றும் 'வ' என்றும் ஒலிக்குமாம். ஒரே 'க'வை 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'அகம்' என்பதில் ஒரு மாதிரியும் சொல்கிறவர்கள்தானே நாம். 'அவன் என் அப்பன்' என்று சொல்ல ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரு வினை வேண்டும். தமிழுக்கு வேண்டாம், எபிரேயத்துக்கும் வேண்டாம். தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்கி எபிரேயத்தைச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பையன்கள் ஆறு மாதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இடையில் ஒன்று. நம் இலக்கணத்தில் வாய்பாட்டு வினை 'செய்'. செய்து, செய்பு, செய்யா என்று போகும். பழைய எபிரேய இலக்கணங்களில் வாய்பாட்டு வினை 'காதல்'. அர்த்தம், கொன்றான். கொன்றான், கொன்றாள், கொன்றாய் என்று மனப்பாடம் செய்துதான் ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பாதிரிமார் உருவானார்கள். சிரித்து முடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி அவன் செய்த ஒரு தப்பைப் பற்றி. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், விளைச்சலின் முதல் கூடையைக் கொண்டுவருகிற விவசாயி சொல்ல வேண்டிய அறிக்கை ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் மூன்றே சொல்: அரம்மி, ஓவேத், அவி. 'அவி' என்றால் என் அப்பன். 'அரம்மி' ஆராம் தேசத்தான். பையன் 'ஓவேத்' என்பதை 'அடிமை வேலை செய்கிறவன்' என்று எழுதி வைத்திருந்தான். வாத்தியார் சிவப்பு மையில் அடித்திருந்தார். அடித்தது சரி. அங்கே முதல் எழுத்து அலெஃப். அலைந்து திரிகிற, அழிந்துபோகிற என்று பொருள். அவன் நினைத்த சொல் ஐயின் என்கிற வேறெழுத்தில் தொடங்கும். நம்ம காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. எங்கப்பன் அலைஞ்சி அழிஞ்சவன் என்று அறிக்கையிடுகிற இந்தப் பகுதியைத்தான் தலித் இறையியலின் தொடக்க வாசகமாக எடுத்தார் அர்விந்த் நிர்மல். 1980களின் தொடக்கத்தில் பெங்களூர் இறையியல் கல்லூரியில் அவர் பேசத் தொடங்கியபோது இந்தியக் கிறித்தவ இறையியல் என்றால் வேதாந்தத்தோடு கொஞ்சிக் குலவுவது என்றிருந்தது. அப்பன் யார் என்று சொல்வதிலிருந்து இறையியலைத் தொடங்கலாம் என்று காட்டியது சின்ன விஷயமில்லை.

ஆனால் பையன் தப்பாகப் படித்த அந்தச் சொல்லில்தான் எங்களுக்கு விஷயமே கிடைத்தது. ஐயின், பேத், தாலெத் என்ற மூன்று எழுத்து வேர். 'ஆவத்' என்றால் உழைத்தான், ஊழியம் செய்தான். 'எவெத்' அடிமை. 'அவோதா' உழைப்பு, அடிமை வேலை. வழிபாடும் அதே 'அவோதா'தான். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில், எகிப்தியர் இஸ்ரவேலரைக் கசக்கிப் பிழிவதைச் சொல்கிற 13, 14 வசனங்களில் மட்டும் இந்த வேர் ஐந்து தடவை வருகிறது. தமிழில் படித்தால் இது தெரியாது. வேலை, அடிமை என்று சொல் மாறி மாறி வரும். எபிரேயத்தில் அது ஐந்து சவுக்கடி. இதே வேர்ச்சொல்லைப் பார்வோன் வாயில் இரண்டு இடத்தில் வைக்கிறது அந்தப் பிரதி. ஐந்தாம் அதிகாரத்தில் வைக்கோல் கேட்டு வந்த மேஸ்திரிகளிடம் 'லெக்கூ இவ்தூ' என்கிறான். போங்க, வேலை செய்யுங்க என்று அர்த்தம். பன்னிரண்டாம் அதிகாரத்தில், தலைப்பிள்ளை செத்துக் கிடக்கிற நடுராத்திரியில், அதே 'லெக்கூ இவ்தூ' என்கிறான். இப்போது அர்த்தம், போங்க, உங்கள் தெய்வத்தைச் சேவியுங்க. முதலாளி வாயிலிருந்து வந்த அதே இரண்டு சொல் இடையில் என்ன நடந்து இப்படிப் புரண்டது என்பதுதான் யாத்திராகமத்தின் கதை. தமிழில் முதலாவது வேலை, அடுத்தது ஆராதனை. கதை நடுவில் அறுந்துவிடுகிறது.

இந்த வேலையை யார் செய்தது? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவர். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719இல் செத்துப் போனார். சூல்ட்சே முடித்தார், பப்ரீசியுஸ் திருத்தி எழுதினார், 1871இல் பவர் தலைமையில் வந்த பதிப்பு இன்றைக்கும் பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படுகிறது. ஐரோப்பியருக்கு எபிரேயம் தெரியும். நல்ல தமிழ் எது என்று சொல்ல முன்ஷிகள் இருந்தார்கள். பெர்சிவல் பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்தைத் தமிழாக்க உதவியவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பைச் சபைகள் ஏற்கவில்லை என்பது வேறு கதை. சபைகளில் பெருங்கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் நம் சனங்கள். மொழிபெயர்ப்பு மேசையில் நாம் இல்லை.

அதனால்தான் எபிரேயத்தில் 'எவெத்' என்ற ஒரே சொல், தமிழுக்கு வரும்போது ஆளுக்குத் தகுந்த மாதிரி பிரிந்து நிற்கிறது. எகிப்தில் செங்கல் அறுத்தவன் அடிமை. வீட்டில் எடுபிடி செய்தவன் வேலைக்காரன். மோசேயும் தாவீதும் தாசன். மரியாதைப்பட்டவனுக்கு வடமொழி. மோசேயைப் பார்வோனின் அடிமைகளோடு ஒரே சொல்லில் உட்கார வைத்தது மூலம். பந்தியில் பிரித்து இலை போட்டது தமிழ்.

ஆனால் 'ஊழியம்' என்ற சொல்லில் அவர்கள் தங்களையறியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள். ஊழியம் என்றால் இன்றைக்குக் கைப்பையும் வெள்ளைச் சட்டையும். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ காலத்தில் கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. தெற்குத் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட மைலாடி வேதமாணிக்கம் சாம்பவர். ஒரு ஊழியத்திலிருந்து இன்னொரு ஊழியத்துக்கு அவர் நடந்த தூரம் என்ன என்பதை 'அவோதா' தெரிந்தவன்தான் அளக்க முடியும். 'ஊழியக்காரர்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டை நீட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும்.

இதைவிட மோசமானது 'தீட்டு'. லேவியராகமத்தில் 'தாமே' என்றொரு சொல் திரும்பத் திரும்ப வரும். அதற்குத் தீட்டு என்று எழுதினார்கள். சேரியில் பிறந்தவன் அந்த அதிகாரங்களைச் சபையில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கிறபோது அவன் வாயில் என்ன நடக்கிறது என்று எந்த முன்ஷி யோசித்தார்? 'தாமே' ஒரு நிலை. பிணத்தைத் தொட்டால் வரும், நோயில் வரும், பிள்ளை பெற்றால் வரும். பலவற்றுக்குக் குளித்துவிட்டுச் சாயங்காலம் வரை இருந்தால் போய்விடும். எண்ணாகமம் 19இல், சுத்திகரிப்புக்காகக் கிடாரியைச் சுட்டெரிக்கச் செய்கிற ஆசாரியனே அன்று சாயங்காலம் வரை 'தாமே'. பிறப்பால் ஒட்டிக்கொள்கிற சங்கதி இல்லை. நம் மேல் ஒட்டிய தீட்டுக்குச் சாயங்காலமே கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியதால், சாதித் தீட்டுக்கு வேதத்தில் இடமிருப்பதாக மேல்சாதிக் கிறித்தவன் நிம்மதியாகப் படித்துக்கொண்டான். எங்க புதுச்சேரிக் கோயிலுக்குள்ளேயே பறையரை ஒரு பக்கமாக ஒதுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நம் சனங்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டு 1745இல் அது இடிக்கப்பட்டதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவரை எழுப்பியது லேவியராகமம் அல்ல. ஆனால் சுவர் வைத்தவனின் சொல்லை எடுத்து லேவியராகமத்துக்குப் போர்த்தினால், படிக்கிறவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

சரி, குற்றம் எல்லாம் மொழிபெயர்ப்பில்தான், மூலம் சுத்தத் தங்கம் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்கிற தலித் இறையியலாளர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எபிரேயம் தெரிந்தால் தப்பிக்கிற வழிகளும் அடைபடும். ஆசாரிய உரிமை அங்கேயும் பிறப்பால்தான், ஆரோன் வம்சம். ஊனமுற்றவன் பலிபீடத்தை நெருங்கக் கூடாது. லேவியராகமம் 25, அந்நிய சாதியாரிலிருந்து வாங்கிய அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம் என்கிறது. யோசுவா 9இல் கிபியோனியர் கதை இருக்கிறது. உயிர் பிழைக்கத் தந்திரம் செய்த ஒரு கூட்டத்தைத் தலைமுறைக்கும் தெய்வத்தின் வீட்டுக்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் சபித்து விடுகிறார்கள். அங்கேயும் சொல் 'எவெத்'தான். எகிப்தில் எவெத்தாக இருந்தவன், தேசம் கிடைத்ததும் தனக்கு ஒரு எவெத்தை உண்டாக்கிக்கொள்கிறான். இது வெட்டியானும் தோட்டியும் உண்டான கதை மாதிரி இல்லையா என்று பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

சொல் ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடுகிற பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எபிரேயத்தில் 'தல்' என்றால் ஏழை, இளைத்தவன். ஆமோஸ் அந்தச் சொல்லைத்தான் சொல்லிச் சொல்லி அடிக்கிறார். தலித் என்ற சொல்லின் வேரும் இதுவும் ஒன்றுதான் என்று ஜேம்ஸ் மாசி போன்றவர்கள் எழுதினார்கள். கூட்டங்களில் அதைக் கேட்டுக் கைதட்டாத ஆள் இல்லை. நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் சமஸ்கிருத வேருக்குப் பிளப்பது, உடைப்பது என்று பொருள். எபிரேய வேருக்குத் தாழ்ந்து தொங்குவது, மெலிவது. இரண்டும் வேறு வேறு மொழிக் குடும்பம். ஒலி ஒத்துப் போனது தற்செயல். சாலொமோன் கப்பலில் போன மயிலுக்கு எபிரேயத்தில் 'துக்கி', அது நம்ம தோகைதான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து தமிழறிஞர்கள் மார் தட்டுகிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். மயிலைக் கூண்டோடு கப்பலில் ஏற்றிய கூலிக்காரன் யார் என்று எவனும் கேட்டதில்லை. சொல்லைப் பிரித்துப் புதுப்பொருள் காட்டுவது அயோத்திதாசர் கையில் ஒரு ஆயுதம்தான், மறுக்கவில்லை. பறிக்கப்பட்ட வரலாற்றை அப்படித்தான் அவர் தோண்டினார். ஆனால் ஆமோசுக்கும் நமக்கும் உறவு இருக்கிறதென்றால் அதற்கு வேர்ச்சொல் சாட்சி வேண்டியதில்லை. செருப்பு விலைக்கு ஏழையை விற்றதைப் பற்றி அவர் பேசுகிறார்; அது போதும்.

கடைசியாக மிரியாம். செங்கடல் தாண்டியதும் மிரியாம் கையில் எடுத்த கருவிக்கு எபிரேயப் பெயர் 'தோஃப்'. பழைய தமிழ் வேதம் அதைத் 'தம்புரு' என்கிறது. தமிழ் அகராதியைப் புரட்டினால் தம்புரு நரம்புக் கருவி, தம்புரா. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் தப்பி வந்த பொம்பளை, ஈரத் துணியோடு, கச்சேரி மேடையில் சுருதி சேர்க்கிற தம்புராவைத் தூக்கிக்கொண்டு ஆடினாளாம்! 'தோஃப்' என்றால் வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய கைப்பறை. அந்தக் கால மண்பொம்மைகளில் பெண்கள் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிற வட்டம் அதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். யெப்தாவின் மகளும் அப்பனை எதிர்கொள்ள இதை வைத்துக்கொண்டுதான் ஓடி வருகிறாள். நம்ம பறைக்கும் வட்டச் சட்டம், ஒரு பக்கத் தோல். அது கையால் தட்டுவது, இது குச்சியால் அடிப்பது என்கிற வித்தியாசம் உண்டு. ஆனால் தம்புராவுக்கும் தோஃபுக்கும் இருக்கிற தூரத்தை நினைத்தால் இது பக்கத்து வீடு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளாகச் சொன்ன பறை என்ற சொல் மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். எழுத விரல் வரவில்லை.

பையன் லீவில் எங்க காலனி சபையில் ஒருநாள் பிரசங்கம் செய்தான். மிரியாம் எடுத்தது பறை என்றான். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருத்தர் எழுந்துவிட்டார். "எங்கப்பன் சாவுக்குச் சாவு அதை அடிச்சி, அவன் போடுற சோத்துக்குக் கையேந்தி நின்னான். இனிமே அடிக்க மாட்டோம்னு சொல்லி நாங்க ஒத தின்னோம். நீ அத கோயிலுக்குள்ள கொண்டாரியா?" சபையில் ஒரு சத்தமில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததையும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்து ஆடுவதையும் சொல்லி நான் அந்தப் பெரியவரிடம் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. பறையை எறிந்தவரின் மானத்துக்கும் எடுத்தவரின் மானத்துக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "பெரீப்பா, அங்கயும் செத்தது ஆண்டையோட ஆளுங்கதான். கடல்ல மெதக்குது பொணம். ஆனா மிரியாமைக் கூப்புட்டு அடிக்கச் சொன்னவன் எவனும் இல்ல. கூலியும் இல்ல." பெரியவர் உட்கார்ந்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

கத்தோலிக்கக் கோயில்களில் பாஸ்கா இரவு யாத்திராகமம் வாசிப்பார்கள். கடல் பிளந்த கதை வரும், மோசேயின் பாட்டிலிருந்து சில அடிகள் வரும். மிரியாம் வருகிற வசனத்துக்கு முன்பே வாசகம் நின்றுவிடும். சின்ன வயசில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் கேட்ட எனக்கு, அப்படி ஒருத்தி அங்கே இருந்தாள் என்பதே இந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மந்திரம் இல்ல அத்தே, நம்ம பத்தின ரிக்கார்டு, அதுல எவனோ திருத்தி எழுதியிருக்கான், உம் புள்ள ஒரிஜினலப் பாக்கப் போயிருக்கான்னேன். "ஒரிஜினல்லயும் நமக்கு எதிரா இருந்தா?" என்றார்கள். யோசுவா ஒன்பதாம் அதிகாரத்தை எபிரேயத்தில் எழுத்தெழுத்தாகப் படித்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.